யாரை வைத்துச் சிரிக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் எங்கள் பக்கத்து ஊரில், மாற்றுத்திறன் குழந்தைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்காக நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டினார்கள். நல்ல கூட்டம். உண்டியலும் நிறைந்தது. ஆனால் மேடையேறிய மிமிக்ரி கலைஞர் அரை மணி நேரம் திக்குவாய்க்காரர் மாதிரியும் கால் ஊனமானவர் மாதிரியும் நடித்துக் காட்டினார். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

சிரிக்க வைத்து நிதி திரட்டுவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பிரிட்டனில் லென்னி ஹென்றி என்ற நகைச்சுவை நடிகரும் எழுத்தாளர் ரிச்சர்ட் கர்ட்டிஸும் எத்தியோப்பியப் பஞ்சத்தைக் கண்டு 1985-இல் ‘காமிக் ரிலீஃப்’ அமைப்பைத் தொடங்கினார்கள். 1988 முதல் மக்கள் சிவப்பு மூக்கு மாட்டிக்கொண்டு அதற்கு நிதி சேர்க்கிறார்கள். இதுவரை சேர்ந்தது 100 கோடி பவுண்டுக்கும் மேல். அவர்கள் மீதும் குறை வந்தது. பிரபலங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி அங்குள்ள வறுமையைப் படமெடுத்துக் காட்டுவது அந்த மக்களைச் சிறுமைப்படுத்துகிறது என்றார்கள். அந்த வழக்கத்தை நிறுத்துவதாக 2020-இல் அந்த அமைப்பே அறிவித்தது.

அவ்வளவு தூரம் போவானேன், நம்மிடமே வில்லுப்பாட்டு இருக்கிறதே! கோயில் கொடை விழாவில் விடிய விடியக் கதை நடக்கும். நடுவே யாராவது 101 ரூபாய் அன்பளிப்பு நீட்டினால், கதை பாடும் புலவர் வில்லைத் தட்டும் வீசுகோலை நிறுத்தி, கொடுத்தவர் பெயரைச் சொல்லி, அவர் மாமன் மச்சானையும் இழுத்து நாலு வார்த்தை கேலி பேசுவார். குடம் அடிப்பவர் “ஆமா” போடுவார். கூட்டம் சிரிக்கும். கேலிக்கு ஆளானவர் முறுக்கேறி இன்னொரு நோட்டை எடுப்பார். அங்கே கேலி படுவது கொடுப்பவர்தான், வாங்குபவர் அல்ல. இந்த முறையை அப்படியே நற்பணிக்குக் கொண்டுவரலாம். கொடையில் ஒரு ராத்திரி, ஊர்ப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று அறிவித்துப் பாடச் சொல்லுங்கள். கலைஞருக்குப் பேசிய சம்பளத்தையும் குறைக்காமல் கொடுங்கள். நல்ல காரியம் என்று சொல்லி அவர்கள் வயிற்றில் அடிப்பதும் இங்கே நடக்கிறது.

நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் வில்லுப்பாட்டை மேடையேற்றியவர்தான். சிரிக்க வைத்துச் சம்பாதித்ததை வாரிக் கொடுத்தவர் அவர்.

அப்புறம் கணக்கு. எவ்வளவு வசூல், பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் எவ்வளவு போனது, மீதி யார் கையில் சேர்ந்தது என்று ஒரு வாரத்துக்குள் எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த தடவை கேட்காமலே கொடுப்பார்கள்.

நிகழ்ச்சி நடத்தும் அமைப்புகளிடம் ஒரு வேண்டுகோள். யாருக்காக நிதி திரட்டுகிறீர்களோ அவர்களில் இரண்டு பேரை முன்கூட்டியே கூப்பிட்டு, மேடையில் என்ன பேசப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்பதை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம்.