வெள்ளிக்கிழமைத் தேர்தலுக்கு முன், மகளுக்கு

மாலோ, கவுண்டி கார்க், அயர்லாந்து
26 நவம்பர் 2024

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். வழக்கமாக எழுதும் சொற்கள்தாம் என்றாலும், இம்முறை அந்த ஆவல் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. நான் அனுப்பும் செய்திகளுக்கெல்லாம் நீ கட்டைவிரல் படத்தை மட்டும் பதிலாக அனுப்புகிறாய். கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டாயா என்று கேட்டதற்கு அதுவும் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் கல்வியாண்டு முடியும் நேரம், வேலை அதிகமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஆகவே வேறு எதையும் கேட்காமல் தேர்தலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வாக்கு எண்ணிக்கை என்றால் சாப்பாட்டை மறந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறவள் நீ. இதையாவது கடைசிவரை படிப்பாய்.

நேற்று ஐரிஷ் டைம்ஸ் கருத்துக்கணிப்பு வந்ததை நீயும் பார்த்திருப்பாய். ஆளும் கூட்டணியின் ஃபியானா ஃபால் 21 விழுக்காடு, எதிர்க்கட்சி ஷின் ஃபேன் 20, ஆளும் கூட்டணியின் மற்றொரு கட்சி ஃபினே கேல் 19. இதே நிறுவனம் இம்மாத நடுவில் எடுத்தபோது ஃபினே கேல் 25இல் இருந்தது. இத்தனை குறைந்த நாள்களில் ஆறு புள்ளி சரிந்ததை நம்ப முடியாமல் அப்பா இருமுறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். மூன்று புள்ளி வரை பிழை இருக்கலாம் என்று அவர்களே சொல்லும்போது, இந்த மூன்று கட்சிகளில் யார் முதல், யார் கடைசி என்று அடித்துச் சொல்ல எவராலும் முடியாது. ஏப்ரலில் சைமன் ஹாரிஸ் டீஷக், அதாவது பிரதமர், ஆனதும் அவருடைய ஃபினே கேல் கட்சிக்கு ஒரு புதிய மவுசு வந்தது. அது இறங்குமுன் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக டாய்லை, அதாவது நாடாளுமன்றக் கீழவையை, கலைத்தார். பிரசாரம் நடக்கும்போதே அந்த மவுசு இறங்கும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

காரணம் கேட்டால் எல்லோரும் காண்டர்க் என்கிறார்கள். நம் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊர் இப்படி நாடு முழுவதும் பேசப்படும் என்று யார் நினைத்தார்கள்! வெள்ளிக்கிழமை இரவு அங்கே ஒரு கடையில், மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கும் ஒரு பெண், அரசு எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று ஹாரிஸிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் கையைக் குலுக்கிவிட்டு நகர்ந்துவிட்டார். மறுநாள் மன்னிப்பும் கேட்டார். எங்கள் வார்டின் தேநீர் அறையில் அந்தக் காணொளியை ஒரே கைபேசியில் ஆறேழு பேர் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். பராமரிப்புப் பணியில் இருக்கும் பிலிப்பினோ பெண் ஒருத்தி ஒலியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர் கையைப் பாருங்கள், பேச்சு முடியுமுன்பே கை விடைபெற்றுவிட்டது என்றாள். எனக்கு அதுதான் மனதில் நின்றது. ஆனால் அந்தக் கணிப்பின் பேட்டிகளில் பெரும்பகுதி இந்தக் காணொளி பரவுவதற்கு முன்பே எடுக்கப்பட்டவை என்பதால், சரிவு அதற்கும் முன்னரே தொடங்கியிருக்க வேண்டும். ஃபினே கேல் அமைச்சர் ஒருவரின் பிரசாரத் தொடக்கக் கூட்டத்தில் ரையன்ஏர் விமான நிறுவனத்தின் தலைமை நிர்வாகி மைக்கேல் ஓ'லியரி, டாய்ல் முழுக்க ஆசிரியர்கள் நிறைந்திருக்கிறார்கள், காரியம் நடக்க வேண்டுமென்றால் ஆசிரியர்களை வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டேன் என்று பேச, கூட்டம் சிரித்ததே, அதையும் நீ பார்த்திருப்பாய். பார்த்ததும் எனக்கு உன் நினைவுதான் வந்தது. ஃபியானா ஃபால் தலைவர் மீஹால் மார்ட்டினும் ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியர் என்பதால் அக்கட்சி இதை எளிதில் பயன்படுத்திக்கொண்டது. டப்ளினில் முப்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு நீ பாடம் நடத்தியதைப் பார்த்திருந்தால் அந்தக் கூட்டம் சிரித்திருக்காது. அப்படிப்பட்டவளுக்கு இந்த நாட்டில் ஓர் அறைக்கு வாடகை கொடுக்க வழியில்லாமல் போனது, அது வேறு கதை.

வேறு கதை என்று எழுதிவிட்டேன். உண்மையில் கதையே அதுதான். சென்ற ஆண்டு ஜூனில் விமான நிலையத்தில் நீ சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. அடுத்த தேர்தலில் ஷின் ஃபேன் தலைவர் மேரி லூ மெக்டொனால்ட் ஆட்சிக்கு வந்துவிடுவார், வீடு கட்டுவார்கள், வாடகை இறங்கும், அப்போது திரும்பிவிடுவேன் என்றாய். அன்று அதை யாரும் மறுக்க முடியாது. ஷின் ஃபேன் 30 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றிருந்தது; 2022இல் 35ஐக்கூடத் தொட்டது. எனக்கு அந்தக் கட்சியைப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். இருந்தும் அன்றிலிருந்து ஒவ்வொரு கணிப்பிலும் என் கண் முதலில் போவது அவர்கள் எண்ணுக்குத்தான். அது 30இலிருந்து 25க்கும், 25இலிருந்து 20க்கும் இறங்கியதை, காய்ச்சல் அட்டவணையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தேன். ஜூனில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் 12 விழுக்காடுகூட எட்டவில்லை. குடியேற்றம் பற்றிய சச்சரவில் அவர்களுடைய பழைய ஆதரவாளர்கள் ஒரு பக்கமும் படித்த இளைஞர்கள் மறுபக்கமும் இழுக்க, இருவருக்கும் நல்லவராக முயன்று இருவரையும் இழந்தார்கள் என்பது என் எண்ணம். இப்போது 174 இடங்களில் பெரும்பான்மைக்கு 88 வேண்டும். ஃபியானா ஃபாலும் ஃபினே கேலும் ஷின் ஃபேனோடு சேரமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டன. ஆட்சியில் பங்கேற்கும் பசுமைக் கட்சி தன் 12 இடங்களில் எத்தனையைக் காப்பாற்றும் என்பதே சந்தேகம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மார்ட்டினும் ஹாரிஸும் மீண்டும் கைகோத்து, இன்னும் சிலரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு உட்காருவார்கள் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

நீயும் அதையெல்லாம் படித்திருப்பாய். படித்துவிட்டு, இங்கே ஒன்றும் மாறப்போவதில்லை என்று முடிவு கட்டிவிடாதே என்று சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன். கணிப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதே. கடந்த மார்ச்சில் குடும்பம், பராமரிப்பு இரண்டையும் பற்றிய அரசமைப்புத் திருத்தங்கள் எளிதாக நிறைவேறும் என்று கணிப்புகள் சொல்லவில்லையா? பராமரிப்புத் திருத்தத்தை நூற்றுக்கு எழுபத்து நான்கு பேர் நிராகரித்தார்கள். ஷின் ஃபேனையே எடுத்துக்கொள். 2019 உள்ளாட்சித் தேர்தலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே விழுந்த கட்சி, அடுத்த பிப்ரவரியில் 24.5 வாங்கியது; அவர்களே அதை எதிர்பார்க்காமல் 42 வேட்பாளர்களை மட்டும் நிறுத்தி, கிடைத்திருக்க வேண்டிய இடங்களைக் கோட்டைவிட்டார்கள். கணிப்பு கேட்பது முதல் விருப்பத்தை மட்டும். நம் வாக்குச்சீட்டில் இரண்டு, மூன்று, ஏழு என்று போட்டுக்கொண்டே போகிறோமே, ஒருவர் தோற்று வெளியேறும்போது அவருடைய வாக்கு எங்கே போய்ச் சேரும் என்பதுதானே கடைசி இடத்தை முடிவு செய்கிறது? அதை எந்த நிறுவனமும் வீட்டுக்கு வீடு போய்க் கேட்டு முடிக்க முடியாது.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. கணிப்புக்காரர்கள் இங்கே இருப்பவர்களின் கதவைத்தான் தட்டுகிறார்கள். கடந்த ஏப்ரலோடு முடிந்த ஓராண்டில் இந்நாட்டிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்கள் 10,600 பேர் என்று புள்ளியியல் அலுவலகம் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டில் 4,700. அந்த 10,600இல் நீயும் ஒருத்தி. வாடகையால் அதிகம் நொந்தவர்கள் யாரோ, அவர்கள் போய்விட்ட பிறகு மிச்சமிருப்பவர்களிடம் கேட்டால், அரசுக் கட்சிகள் நன்றாகத்தானே தெரியும்?

உனக்கும் வாக்குச்சாவடி அட்டை வந்திருக்கிறது. என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் வந்ததோடு ஒன்றாக வந்தது. குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன். நம் மாலோவைக் கார்க் ஈஸ்ட் தொகுதியிலிருந்து எடுத்துக் கார்க் நார்த் சென்ட்ரலில் சேர்த்துவிட்டார்கள் என்பதால் அதில் தொகுதிப் பெயர் புதிதாக இருக்கிறது. திரும்பி வரும் எண்ணத்தோடு வெளியே போனவர்களின் பெயர் 18 மாதங்கள் வரை பட்டியலில் இருக்கலாம் என்பது விதி. வெளிநாட்டிலிருந்து தபாலில் வாக்களிக்கத் தூதரக ஊழியர், ராணுவத்தினர் தவிர வேறு யாருக்கும் வழியில்லை. ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். உன் விஷயத்தில் அந்த 18 மாதம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. உன் பெயரை நீக்கச் சொல்லிக் கவுன்சிலுக்கு எழுத வேண்டுமா, வேண்டாமா என்று சொல். விதி கேட்பது எண்ணத்தை மட்டும்தான், அதை நான் ஊகித்து எழுத முடியாது. தம்பி உன்னோடு பேசிவிட்டு வந்து ஏதோ நிரந்தர விசா, ஏதோ படிவம் என்று பாதி சொல்லிப் பாதி விழுங்கினான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதுவரை உன்னிடம் சொல்லாதது. 2010இல் நானும் ஒரு படிவம் நிரப்பினேன். அப்போது அரசு ஊழியர் சம்பளத்தில் முந்தைய ஆண்டு ஓய்வூதிய வரி என்று ஒரு வெட்டு, அந்த ஆண்டு நேரடியாகவே ஒரு வெட்டு. என்னோடு வந்த மலையாளி நர்சுகளில் பலர் பெர்த்துக்கும் மெல்போர்னுக்கும் கிளம்பிப் போனார்கள். என் தாள்கள் எல்லாம் தயாராக இருந்தன. அந்தக் கோடையில் ஒரு கணிப்பில் தொழிற்கட்சி 32 விழுக்காட்டோடு முதலிடத்தில் வந்தது; அப்பா அந்தச் செய்தித்தாளை மேசையில் விரித்து வைத்து, பார், ஆட்சி மாறப்போகிறது, சம்பளம் திரும்ப வரும், தேர்தல் வரை பொறு என்றார். எங்களுக்கு அப்போது குடியுரிமை இல்லை, டாய்லுக்கு வாக்குரிமையும் இல்லை. ஆனாலும் அந்த 32ஐ நம்பிப் பொறுத்தோம். தேர்தல் வந்தபோது அக்கட்சி வாங்கியது 19 சொச்சம்தான், ஃபினே கேல் 76 இடங்களோடு வந்தது, சம்பளமும் திரும்ப வரவில்லை. ஆக நாம் இந்த ஊரில் வேரூன்றியது பொய்த்துப்போன ஒரு கணிப்பால். அது பொய்த்தது எனக்கு இன்றுவரை வருத்தம் தரவில்லை. நீ அந்த ஆண்டு பள்ளியில் ஐரிஷ் மொழியில் கவிதை சொல்லிப் பரிசு வாங்கினாய். இந்தப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய் எங்கே நடுவது என்று நினைத்தேன். இப்போது நீயாகவே கிளம்பிப் போனாய், தைரியமாக, யாரிடமும் ஒரு காசு கேட்காமல். அதில் எனக்குப் பெருமைதான். பெருமை இல்லை என்று நீ நினைத்தால் தவறு. ஆனால் வாடகையைக் காரணம் சொல்லிப் போனவள், வாடகை இறங்கினால் வருவாளா என்பதை மட்டும் நான் எந்தக் கணிப்பிலும் தேட முடியவில்லை.

சரி, நம் தொகுதிக்கு வருகிறேன். ஐந்து இடங்கள். தொழிற்கட்சி சார்பில் நம் மாலோக்காரர் ஓவன் கென்னி நிற்கிறார். உன்னைவிடச் சிறியவர், அவரும் ஆசிரியர். ஓ'லியரிக்காகவாவது என் முதல் விருப்பம் அவருக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அப்பா, கார்க்காரரான மார்ட்டின் டீஷக் ஆக வேண்டும் என்று ஃபியானா ஃபாலுக்குப் போடுவார், பிறகு எல்லோரிடமும் ரகசியம் என்பார். தம்பிக்குச் சமூக ஜனநாயகக் கட்சி. அதன் தலைவர் ஹோலி கேர்ன்ஸ் நிறைமாதத்தோடு பிரசாரத்தில் இருப்பதை நினைத்தால் எனக்குத்தான் இடுப்பு வலிக்கிறது. ஷின் ஃபேனுக்கு நான் நான்காவது எண் போடுவதாக இருக்கிறேன். ஆச்சரியப்படாதே, ஐந்தாண்டில் 3 லட்சம் வீடு என்கிறார்கள். ஃபினே கேலும் 2030க்குள் அதே அளவு சொல்கிறது, ஆனால் அவர்கள் சொல்வதைப் பதின்மூன்று ஆண்டுகளாகக் கேட்டாகிவிட்டது. மாத வாடகை சராசரியாக 2,000 யூரோவை நெருங்குகிறது, அவசரத் தங்குமிடங்களில் கிட்டத்தட்ட 15,000 பேர் இருக்கிறார்கள். அந்த நான்காவது எண் உனக்காகத்தான், கட்சிக்காக அல்ல.

இன்று இரவு மூன்று தலைவர்களின் விவாதம் ஆர்டிஇ தொலைக்காட்சியில் வருகிறது. எனக்கு இரவுப் பணி, அப்பா பார்த்துச் சொல்வார். வெள்ளி இரவு 10 மணிக்கு வாக்குச்சாவடி மூடியதும் வாக்களித்து வந்தவர்களிடம் எடுத்த கணிப்பு வரும். உனக்கு அப்போது சனிக்கிழமை காலை 9 மணி, பள்ளி கிடையாது. போனை எடு. எண்களைப் பற்றி மட்டும் பேசுவோம். அப்பாவையும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறேன். டிக்கெட் விலை அடுத்த வாரம் இன்னும் ஏறும் என்கிறார்கள், அதை மட்டும் மறந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா