ஒப்பனைச் செலவு மட்டும்தானா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அறிவியல் புனைவுத் தொடர்களில் வரும் வேற்றுக்கிரகத் தோழர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, அவர்கள் ஓரத்தில் நிறுத்தப்படுவதற்கு ஒப்பனைச் செலவே காரணம் என்று முடித்திருந்தது. பாதி சரி. மீதிப் பாதி எழுத்தாளர்களின் மேசையில் இருக்கிறது.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடலாம். நடிகரின் முகத்தை அச்செடுத்து, அதன்மேல் களிமண்ணில் நெற்றியையோ மூக்கையோ வடித்து, அதற்கு மறு அச்சு எடுத்து, இரண்டுக்கும் நடுவில் லேடெக்ஸ் நுரையை நிரப்பி அடுப்பில் வேகவைக்க வேண்டும். ஒட்டியது தெரியக் கூடாது என்று ஓரங்களை மிக மெல்லியதாக வார்ப்பார்கள். மாலையில் பசையைக் கரைத்துக் கழற்றும்போது முதலில் கிழிவது அந்த ஓரம்தான். ஆக, ஒரு துண்டு ஒரு நாளைக்கு மட்டுமே. ஒரு மணி நேர அத்தியாயத்துக்கு 7 அல்லது 8 நாள் படப்பிடிப்பு என்றால், அத்தனை நாளும் வரும் பாத்திரத்துக்கு அத்தனை நெற்றிகள் வேண்டும். முகம் முழுக்க நிறம் பூசினால் காலரில் ஒட்டும், கட்டிப்பிடிக்கும் காட்சியில் எதிராளியின் சட்டையிலும் ஒட்டும். தலையில் அசையும் கருவி வைத்தால் மோட்டார் இரைச்சல் மைக்கில் விழும்; அந்த வசனத்தைப் பிறகு ஒலிக்கூடத்தில் மறுபடி பேச வேண்டும். 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' தொடரின் டீல்க், 10 சீசன் முழுக்க முதன்மைக் குழுவில் நிற்க முடிந்ததற்கு, அவர் வேற்றுக்கிரக அடையாளம் நெற்றியில் ஒரு தங்கச் சின்னத்தோடு முடிந்துவிட்டதும் ஒரு காரணம்.

ஆனால் செலவுதான் முழுக் காரணம் என்றால், டிராவிஸ் மேவெதரை என்ன சொல்வது? 'ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ்' (2001–2005) தொடரில் விண்கலத்தை ஓட்டுபவர். மனிதர், ஒப்பனை எதுவும் தேவையில்லை. சரக்குக் கலத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்ற அருமையான பின்னணி வேறு. அப்படியிருந்தும் 98 அத்தியாயங்களில் பெரும்பாலானவற்றில் அவருக்குக் கிடைத்தது, உத்தரவை ஏற்றுக்கொண்டு பொத்தானை அழுத்துகிற வேலை.

அதே தொடரில் நீல முகமும் ரிமோட்டில் அசையும் இரண்டு உணர்கொம்புகளுமாக ஆண்டோரியன் தளபதி ஷ்ரான் வருகிறார். நடித்தவர் ஜெஃப்ரி கோம்ப்ஸ். மொத்தம் 10 அத்தியாயங்கள்தான். ரசிகர்கள் இன்றும் பேசுவது ஷ்ரானைத்தான், மேவெதரை அல்ல. ஷ்ரான் அறிமுகமாவதே எதிரியாக. மனிதர்களின் கூட்டாளிகளான வல்கன் இனத்தவரின் மடாலயத்துக்குள் ரகசிய ஒட்டுக்கேட்பு நிலையம் இருக்கிறது என்று குற்றம் சாட்டி அதைக் கைப்பற்றுகிறார், என்டர்பிரைஸ் கலத்தின் கேப்டன் ஆர்ச்சரை அடித்து விசாரிக்கிறார். கடைசியில் அவர் சொன்னதுதான் உண்மை என்று தெரிகிறது! மூன்றாம் சீசனில் உதவ வருவதுபோல் வந்து, பூமியை அழிக்கவிருக்கும் ஆயுதத்தின் முன்மாதிரியைத் தன் அரசின் உத்தரவுப்படி திருடப் பார்க்கிறார். திட்டம் பாழான பிறகு, அந்த ஆயுதத்தைப் பற்றிய தகவலை ரகசியமாக ஆர்ச்சருக்கு அனுப்புவதும் அவரே. மேலதிகாரி ஒன்று சொல்கிறார், மனசாட்சி வேறொன்று சொல்கிறது. இந்த இழுபறி மேவெதருக்கு ஒருநாளும் எழுதப்படவில்லை.

2005இல் வந்த ஒரு சண்டையில் ஆர்ச்சர் ஷ்ரானைக் கொல்லாமல் ஓர் உணர்கொம்பை வெட்டி மோதலை முடிக்கிறார். அது திரும்ப முளைத்துவிடும். செலவுச் சுமை என்று கட்டுரை சொன்ன அதே ஒப்பனைப் பொருள், அங்கே கதையின் முடிச்சையே அவிழ்க்கிறது. ஸ்டார் ட்ரெக் உலகின் கிரகங்களுடைய கூட்டமைப்பை நிறுவிய நான்கு இனங்களில் ஒன்றான ஆண்டோரியர்களை, 1960களுக்குப் பிறகு ஸ்டார் ட்ரெக் தொடர்கள் பல ஆண்டுகள் ஏறக்குறைய மறந்தே போயிருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அளவுக்கு மீறிய பலமும் ஒரு நட்பு இனத்தை முடக்கும். ஸ்டார்கேட்டின் ஆஸ்கார்டு இனத்தின் தோர், பல பேர் சேர்ந்து இயக்கிய பொம்மையாகத் திரையில் வந்தவர். அவர்களின் ஒரு கப்பல் வந்தால் போதும், பூமியின் பிரச்சினை தீர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் அவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கு எழுத்தாளர்கள் சாக்கு தேட வேண்டியதாயிற்று. சிக்கலை உருப்படியாகக் கையாண்டது நான்காம் சீசனின் தொடக்கம். ரெப்ளிகேட்டர் இயந்திரங்களிடம் தோற்றுக்கொண்டிருக்கும் ஆஸ்கார்டுகள், தங்களுக்குத் தோன்றவே தோன்றாத முரட்டு யோசனை வேண்டுமென்று பூமிக் குழுவின் விஞ்ஞானி சமந்தா கார்ட்டரைத் தேடி வருகிறார்கள். ஆற்றல் ஆயுதம் பலிக்காத இடத்தில் சாதாரணத் துப்பாக்கிக் குண்டு பலிக்கிறது.

'ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் வரும் கிளிங்கான் இனப் போர்வீரர் வோர்ஃபின் கதை இதற்கு நேர்மாறு. புதிய எதிரி எவ்வளவு பலசாலி என்று காட்ட வேண்டுமா, முதலில் வோர்ஃபைத் தூக்கி எறி என்பது அந்தத் தொடரின் வழக்கமாகிப் போனது. கிளிங்கான் பேரரசைக் காக்கத் தன் குடும்பத்தின் மேல் விழுந்த பொய்ப் பழியை அவர் வாய்மூடி ஏற்றுக்கொள்ளும் 1990ஆம் ஆண்டு அத்தியாயத்துக்குப் பிறகுதான் அவருக்கு முதுகெலும்பு வந்தது.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று, சீசனின் நீளம். 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் போரில் காலை இழந்த நோக் என்ற ஃபெரெங்கி இன இளைஞனுக்கும் ஒரு ஹோலோகிராம் பாடகருக்கும் முழு அத்தியாயத்தையே 1998இல் ஒதுக்க முடிந்தது. கேப்டன் அதில் சும்மா வந்துபோவார். ஆண்டுக்கு 26 அத்தியாயங்கள் எடுத்தவர்களுக்கு அது கட்டுப்படியானது. முதல் சீசன் 10 அத்தியாயங்களிலேயே முடிந்த 'ஸ்டார் ட்ரெக்: ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரில், ஆண்டோரியர்களின் கிளை இனமான ஏனார் இனத்துப் பார்வையற்ற பொறியாளர் ஹெம்மரை, பார்வைக் குறைபாடுள்ள ப்ரூஸ் ஹோராக் அத்தனை நேர்த்தியாக நடித்தும், அந்தச் சீசனின் 9ஆம் அத்தியாயத்திலேயே சாகடித்துவிட்டார்கள். அடுத்த சீசனில் அவர் இடத்துக்கு வந்த பீலியாவும் வேற்றுக்கிரகவாசிதான், ஆனால் பார்வைக்கு அச்சு அசல் மனிதர். அந்த ஓர் இடத்தில் தங்கள் கட்டுரையாளரின் செலவுக் கணக்கு ஒருவேளை பொருந்தக்கூடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி