பச்சை ஜெர்சியோடு வந்து நிற்காதே, கோமு

அன்புள்ள கோமு,

போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், அப்புறம் நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். சின்னவள் பெய்லியில் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டாள். ஆமாம், சின்சினாட்டி கால்பந்து அணியின் ரசிகர்கள் கூடி நிற்கிற அதே பெய்லிதான். கன்னத்தில் ஆரஞ்சும் நீலமும் பூசிக்கொண்டு தோழிகளோடு நிற்கிற படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டு, கீழே "அம்மா, பாட்டி முன்னாடி திட்டாதே" என்று ஒரு வரி வேறு. பாட்டியோ "கலர் நல்லா இருக்கே" என்கிறார். இந்த வீட்டில் எனக்குத் துணைக்கு ஆள் கிடையாது.

மற்றபடி எல்லோரும் நலம். அத்தைக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு இல்லாமல் நடக்கிறார். இவருக்கு அதே வேலை, அதே புலம்பல். சேட்டு ஒருவழியாக வீட்டை விற்றுவிட்டான், யாருக்கு என்று கேட்காதே, சொன்னால் நம்பமாட்டாய். தாடி இன்னும் தாடியோடுதான் இருக்கிறான். அவ்வளவுதான். விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கொலம்பஸ் அணியின் பழைய ஸ்டேடியத்தின் வடகிழக்கு மூலையில், நோர்டெக்கே ரசிகர் கூட்டத்துக்குள், நம் இருவருக்கும் நடுவே பெஞ்சு மேல் ஏறி நின்று ஆட்டம் பார்த்த பிள்ளை அவள். உன் மஞ்சள் ஸ்கார்ஃபின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருப்பாள், கோல் விழுந்தால்தான் வெளியே எடுப்பாள். ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் அந்த நுனி பிரிந்து நூலாய்த் தொங்கியது, நீ வெட்டவே விடவில்லை. அந்தப் பிள்ளை எப்படி அங்கே போய் நின்றாள் என்று யோசிக்க உட்கார்ந்தேன், யோசனை எங்கெங்கேயோ போய்விட்டது.

2017 ஜூனில் இருந்து ஆரம்பிக்கிறேன். நாம் எல்லோரும் தாடியின் வேனில் சின்சினாட்டி போனோமே, மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் அணிகள் கலந்து மோதும் யு.எஸ். ஓப்பன் கப் ஆட்டத்துக்கு. நம்முடையது அமெரிக்காவின் மேல்நிலை லீக்கான எம்எல்எஸ்ஸில் ஆடும் அணி, 1996-ல் லீக் தொடங்கிய நாளிலிருந்து இருப்பது. அவர்களுடையது கீழ் டிவிஷனில் ஆட வந்து இரண்டாவது சீசன்தான் ஆன அணி. வழியெல்லாம் தாடி பேசிய பேச்சு உனக்கே தெரியும். நிப்பர்ட் ஸ்டேடியத்துக்குள் நுழைந்தால் 30,160 பேர். நம் மைதானம் நிரம்பினாலே இருபதாயிரம்தான். அவர்களுடைய ஜிபி ஃபால் ஒரு கோல் போட்டான், 1-0, முடிந்தது. திரும்பி வரும்போது வேனில் ஒரு சத்தம் இல்லை. ஐ-71 சாலையோரச் சோளக்காட்டில் 'நரகம் நிஜம்' என்று கருப்புப் போர்டில் பெரிய வெள்ளை எழுத்து நிற்குமே, கென்டக்கிக்காரர் ஒருவர் பக்திக்காக வைத்தது, அதைத் தாண்டும்போது நீதான் "அதான் பார்த்துட்டு வர்றோமே" என்றாய். இந்த டெர்பிக்கே, பக்கத்துப் பக்கத்து ஊர்களின் இந்த மோதலுக்கே, இப்போது அந்தப் போர்டின் பெயர்தான். எந்த விளம்பரக் கம்பெனியும் உட்கார்ந்து வைத்த பெயர் இல்லை, ரசிகர்களாக வைத்தது, அதனால்தான் ஒட்டிக்கொண்டது.

இதற்கு முன்னால் லீக் நமக்கு ஒரு எதிரியை ஏற்பாடு செய்து கொடுத்தது. 2008-ல் டொரண்டோவோடு டிரில்லியம் கோப்பை. டொரண்டோ இருக்கும் கனடாவின் ஒண்டாரியோவுக்கும் டிரில்லியம்தான் மாகாணப் பூ, நம் ஒஹாயோவுக்கும் டிரில்லியம்தான் காட்டுப் பூ, ஆகவே நீங்கள் இருவரும் பகையாளிகள் என்று ஒரு கணக்கு. ஏழு மணி நேரம் கார் ஓட்டி, நடுவில் பாஸ்போர்ட் காட்டி, எவன் போய் எவனைத் திட்டுவது? டொரண்டோக்காரர்கள் மேல் எனக்கு இன்றுவரை ஒரு கோபமும் வந்ததில்லை. சின்சினாட்டி அப்படியா? 100 மைல் சொச்சம். நம் அலுவலகத்தில் அந்த ஊர்க்காரன் இருப்பான், நம் தெருப் பெண்ணை அந்த ஊரில் கட்டிக்கொடுத்திருப்பார்கள், நம் பிள்ளைகள் அங்கே படிக்கப் போகும். பங்காளிச் சண்டை மாதிரி, திங்கட்கிழமை காலையில் முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்பதால்தான் ஞாயிற்றுக்கிழமை தோற்பது அவ்வளவு உறைக்கிறது.

அதே 2017 அக்டோபரில் நடந்ததை நீயும் மறந்திருக்கமாட்டாய், ஆனால் நீ இப்போது ஆஸ்டினில் இருப்பதால் ஒருமுறை சொல்லத்தான் செய்வேன். நம் அணியின் அப்போதைய முதலாளி பிரீகோர்ட், கொலம்பஸில் புது ஸ்டேடியம் கிடைக்காவிட்டால் அணியை ஆஸ்டினுக்குக் கொண்டுபோவேன் என்றார். லீக்கின் முதல் அணிகளில் ஒன்று, இந்த லீக்குக்காகவே கால்பந்து ஸ்டேடியம் கட்டிய முதல் ஊர், 1999-ல். அதையே மூட்டை கட்டப் பார்த்தார்கள். நடக்காத காரியம் என்றும் சொல்ல முடியாது. 2005 சீசன் முடிந்ததும் சான் ஹோசே அணியை அப்படியே ஹூஸ்டனுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள்தானே, அந்த ஊர் 2008 வரை அணி இல்லாமல் உட்கார்ந்திருந்தது. சிட்டி ஹால் வாசலில் கூடிய அன்று சின்னவள் தன் கையாலேயே அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றாள், நீ அவளைத் தோளில் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாய். நல்லவேளை, 1996-ல் கிளீவ்லாண்டின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான பிரவுன்ஸ் பால்டிமோருக்கு ஓடியபோது ஒஹாயோ ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தது. வரிப்பணத்தில் சலுகை வாங்கிய அணி ஊரை விட்டுப் போகவேண்டுமானால் ஆறு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், உள்ளூர்க்காரர்களுக்கு வாங்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். 2018 மார்ச்சில் மாநிலமும் நகரமும் அதை வைத்து வழக்குப் போட்டன. ரசிகர்கள் வீடு வீடாக, கடை கடையாக ஆள் சேர்த்தார்கள். கடைசியில் ஹாஸ்லம் குடும்பமும் நம் அணியின் டாக்டர் எட்வர்ட்ஸ் குடும்பமும் வாங்கின. 2020-ல் கோப்பை. அடுத்த வருஷம் புது ஸ்டேடியம்.

ஆஸ்டினுக்கு என்ன ஆயிற்று? 2021-ல் அதற்கும் ஓர் அணி வந்தது. நீ போன தடவை கேட்டாயே, "எங்க ஊர் ஜனம் என்ன பாவம் பண்ணிச்சு, அவங்களுக்கு ஆசை இருக்கக்கூடாதா?" என்று. இருக்கட்டும், கோமு, தாராளமாக இருக்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான். தனியாக ஓர் அணியைக் கொடுக்க முடியும் என்றால், இருக்கிற ஊரிலிருந்து பிடுங்கிக் கொடுக்க ஏன் கிளம்பினார்கள்? நம்முடையது போயிருந்தால் சின்சினாட்டி 2019-ல் மேலே வந்து யாரோடு மோதியிருக்கும்? பக்கத்து ஊரில் எதிரி இல்லாத டெர்பி ஏது?

இந்த லீக் விரிகிற விதமே எனக்குப் பயமாக இருக்கிறது. 1996-ல் 10 அணி. 2001 முடிந்ததும் மயாமியையும் டாம்பா பேயையும் இழுத்து மூடி, மறுபடி 10. இன்று 30. 2007-ல் டொரண்டோ உள்ளே வரக் கட்டிய பணம் 1 கோடி டாலர். சின்சினாட்டி 15 கோடி, சார்லட் 32.5 கோடி, 2025-ல் சான் டியாகோ 50 கோடி. பணம் கட்டினால் கதவு திறக்கும், திறந்த பிறகு யாரும் வெளியே தள்ளமாட்டார்கள். சின்சினாட்டி 2019, 2020, 2021 என்று மூன்று வருஷம் தொடர்ந்து கடைசி இடம். வேறு நாட்டில் என்றால் முதல் வருஷமே கீழ் டிவிஷனுக்கு இறக்கியிருப்பார்கள். இங்கே இறக்கவில்லை, அதனால் பொறுமையாகக் கட்டி எழுப்பி, பயிற்சியாளர் பாட் நூனன் வந்து, ஆட்டக்காரர் அகோஸ்டா வந்து, 2023-ல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தார்கள். அந்த விதத்தில் இது நல்லது செய்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கீழ் டிவிஷனில் ஒரு சின்ன ஊர் பத்து வருஷம் ஜெயித்தாலும் ஆட்டத்தை வைத்து மேலே வர முடியாது என்பதும் இதே முறைதானே.

சரி, அதே 2023 டிசம்பர் 2. நீ டிவியில் பார்த்தாய், நாங்கள் அங்கேயே இருந்தோம், நானும் சின்னவளும், அவள் அப்போது மஞ்சள் ஜெர்சியில். கிழக்குப் பகுதி இறுதி ஆட்டம், அவர்கள் ஊரில், பாதி ஆட்டத்தில் 2-0 அவர்கள் பக்கம். எங்கள் மூலையில் சிலர் கிளம்பலாமா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். 75-வது நிமிடத்தில் அவர்கள் ஆள் காலில் பட்டே ஒரு கோல். 86-ல் நம் ரோஸி. கூடுதல் நேரத்தில், 115-வது நிமிடம், நம் கிறிஸ்டியன் ராமிரெஸ். சின்னவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்ன கத்தினாள் என்று எனக்குக் கேட்கவே இல்லை, காது அடைத்துவிட்டது. வெளியே வரும்போது ஆரஞ்சுக் கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மாள், அழுத கண்ணோடு, சின்னவளின் தோளைத் தட்டி "எங்களை ஜெயிச்சதுக்குக் கோப்பையாவது வாங்குங்க" என்றாள். அடுத்த வாரம் வாங்கினோம். டொரண்டோவில் எனக்கு அப்படி ஓர் ஆள் கிடைத்திருப்பாளா?

போன வருஷம் கணக்கைத் தீர்த்துவிட்டார்கள், அதையும் சொல்கிறேன். 2025 பிளே ஆஃபில் முதல் சுற்றே இந்த இரண்டு பேருக்கும், மூன்றில் இரண்டு ஜெயித்தால் மேலே. நடுவில் ஓர் ஆட்டத்தில் 4-0 என்று துவைத்தோம், இருந்தும் மூன்றாவது ஆட்டத்தில் அவர்கள் 2-1. அன்றைக்குச் சின்னவள் பெய்லியில் இருந்தாள் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். அடுத்த சுற்றில் மெஸ்ஸியின் மயாமி அவர்களை 4-0 அடித்தபோது நான் சந்தோஷப்பட்டேன், இவர் "பிள்ளை அங்க அழுதுகிட்டு இருக்கும்" என்றார். எனக்கு அப்போது அது புரியவில்லை.

அவளிடம் கேட்டேன், ஏன்டி என்று. பதில் ரொம்ப நேராக வந்தது. "அம்மா, டீம் ஊருக்குச் சொந்தம், முதலாளிக்கு இல்லைன்னு என் கையில அட்டை கொடுத்து நிக்க வெச்சது நீதானே. நான் இப்ப இந்த ஊர்ல இருக்கேன். மேட்ச் அன்னைக்கு வாஷிங்டன் பார்க்கிலேர்ந்து மேளம் அடிச்சுக்கிட்டு என் கண் முன்னாடி போறாங்க, நான் ரூம்ல உட்கார்ந்து கொலம்பஸ் ஸ்கோர் பார்க்கணுமா?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னது சரி. ஓர் ஊரில் வாழ்கிறவள் அந்த ஊர் அணியைப் பிடித்துக்கொள்ளக்கூடாது என்றால், நாம் 2017-ல் எதற்காகக் கத்தினோம்? மஞ்சளை அவள் தூக்கிப் போட்டிருந்தால் வலித்திருக்கும், அதைத் தூக்கிப் போடவில்லை, பீரோவில் மடித்து வைத்திருக்கிறாள் என்கிறாள். எதிர்ப்பக்கம் நின்று என்னைத் தோற்கடிக்கப் பார்க்கட்டும். அதுவும் ஒரு உறவுதான்.

என்னை உறுத்துவது இண்டியானாபொலிஸ். 2024-ல் அந்த ஊர் மேயர் எம்எல்எஸ் அணி கொண்டுவரப் போவதாகச் சொன்னார். நமக்கு மேற்கே மூன்று மணி நேரம், சின்சினாட்டிக்கு இரண்டே மணி நேரம். கேட்டதும் எனக்கு ஒரே குஷி, ஒஹாயோ–இண்டியானா என்று முக்கோணச் சண்டையாகிவிடும். 2023-ல் செயிண்ட் லூயிஸ் வந்ததும் கான்சஸ் சிட்டியோடு எப்படித் தீப்பிடித்தது பார்த்தாயே, முதல் வருஷமே செயிண்ட் லூயிஸ் மேற்கில் முதலிடம், பிளே ஆஃபில் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது கான்சஸ் சிட்டி. ஆனால் இண்டியானாபொலிஸில் ஏற்கெனவே ஓர் அணி இருக்கிறது, கோமு. இண்டி லெவன், 2014 முதல் ஆடுகிறது, 2024-ல் ஓப்பன் கப் அரையிறுதி வரை வந்தது. அந்த அணிக்கு ஸ்டேடியம் கட்டுவதாக இருந்த பேச்சை விட்டுவிட்டுத்தான் மேயர் வேறு முதலாளிகளோடு இந்தப் பக்கம் வந்தார். மழையிலும் வெயிலிலும் பத்து வருஷம் மேளம் அடித்தவர்களை என்ன செய்வது என்று யாராவது யோசித்தார்களா? அவர்களுடைய பெயரும் கலரும் பாட்டும் சேர்ந்து மேலே வந்தால்தான் எனக்கு அது பக்கத்து ஊர் அணி. வேறு பெயரில் வெறும் பணம் வந்து நின்றால், இன்னொரு டிரில்லியம் கோப்பைதான்.

உன் ஊரில் நிலைமை எப்படி? டல்லாஸும் ஹூஸ்டனும் நிஜமாகவே ஒரு பீரங்கியைக் கோப்பையாக வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்களே, அவர்கள் ஆஸ்டினை மூன்றாவது பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார்களா, இல்லை இன்னும் ஓரமாக நிற்க வைத்திருக்கிறார்களா? விவரமாக எழுது. அந்த ஆஸ்டின் அணியின் பச்சை ஜெர்சியில் நீ அனுப்பிய படத்தை நான் தாடிக்குக் காட்டவில்லை, அவன் ரத்த அழுத்தம் உனக்குத் தெரியும்.

இந்த வருஷம் சின்சினாட்டியில் நடக்கும் டெர்பிக்கு நீ வந்தே ஆகவேண்டும். தேதி பார்த்துச் சொல்கிறேன், டிக்கெட் நான் எடுக்கிறேன், நம் மூலையில்தான், சின்னவள் எதிர்ப்பக்கம். முடிந்ததும் மூன்று பேரும் சாப்பிடப் போகலாம், தோற்றவர் பில் கட்டவேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். அத்தை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். உன் வீட்டுக்காரரிடம் சொல், அந்த மோர்க்குழம்பு விஷயம் இன்னும் முடியவில்லை என்று. அப்புறம், அந்த நூல் தொங்கும் ஸ்கார்ஃப் எங்கேயாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் வள்ளி