ஆறு இடம் வேண்டாம், ஒரு கரை போதும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை, வலது கண்தான். கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, குனியாதே, தூக்காதே என்று ஆயிரம் கட்டளை. கட்டுப் பிரித்த மறுநாள் காலை, கொடியில் தொங்கிய என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். இடது கண்ணால் பார்த்தால் பழைய காகிதம் போல மஞ்சள். வலது கண்ணால் பார்த்தால் நீலம் போட்டு அலசி எடுத்த வெள்ளை. ஒரே சட்டைதான். கால் மணி நேரம் அங்கேயே நின்று இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டிருந்தேன். வீட்டில் பயந்தே விட்டார்கள்.

அப்புறம்தான் புரிந்தது. கண்ணின் வில்லை மஞ்சளாக மஞ்சளாக நீலம் குறைவாகத் தெரிந்திருக்கிறது. நானும் வருடா வருடம் படங்களில் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறேன். "உன் கடல் எல்லாம் மைக்கூடு கவிழ்ந்த மாதிரி இருக்கிறது" என்று நீ சொன்னபோது உன்னிடம் ஒரு மாதம் பேசாமல் இருந்தேன் அல்லவா? நீ சொன்னதுதான் சரி. எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன், பத்திரப்படுத்தி வைத்துக்கொள்.

சரி, பயணத்துக்கு வருவோம். ஏழு பேர், ஐந்து நாள், கடற்கரை, கேமரா. கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் உன் திட்டத்தைப் படித்ததும் மூச்சு வாங்கியது. கலங்கரை விளக்கம், மீன்பிடித் துறைமுகம், முகத்துவாரம், பாறைக்கரை, நீண்ட மணல்வெளி, அலைதடுப்புச் சுவர் என்று ஐந்து நாளில் ஆறு இடம். நாம் எட்டு வருடத்துக்கு முன் போனது இதே மாதிரித் திட்டத்தில்தான், ஞாபகம் இருக்கிறதா? பாறைகளைப் படமெடுக்க இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனோம். போய் நின்றால் பாறையே இல்லை! கடல் ஏறி எல்லாவற்றையும் மூடியிருந்தது. நீ கரைச்சுவரில் உட்கார்ந்து செருப்பைப் படமெடுத்தாய். அந்தப் பயணத்தில் உருப்படியாக வந்ததே அந்தச் செருப்புப் படம் ஒன்றுதான்.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஆறு இடத்தையும் விட்டுவிட்டு முகத்துவாரத்தில் மட்டும் தங்குவோம். ஐந்து விடியலும் அதே கரைதான். சலிப்பாக இருக்கும் என்று நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன், கேள்.

பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு தடவை ஏறி, வற்றி, மறுபடி ஏற ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே இன்று காலை 6 மணிக்கு வற்றிக் கிடக்கும் கடல் நாளை 6.50 வாக்கில் வற்றும். ஒரு நாளைக்கு 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டுமே மந்தம். இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. ஒரு கரையில் ஒரு அமாவாசையன்று விடியற்காலை வற்றுகிறது என்றால், அடுத்த பௌர்ணமியன்றும், அதற்கடுத்த அமாவாசையன்றும் கிட்டத்தட்ட அதே நேரத்துக்குத்தான் வற்றும். கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையை ஒரு தடவை பார்த்துவிட்டால் அந்தக் கரையின் ஜாதகமே கைக்கு வந்த மாதிரி. (ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காத கரைகளும் உண்டு. நம் முகத்துவாரம் அப்படி இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.)

இப்போது அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு போய், இரண்டு நாள் கழித்துத் திரும்புகிறோம் என்று வைத்துக்கொள். அமாவாசையன்று 6 மணிக்கு வற்றினால், முதல் நாள் 4.20க்கே வற்றி, சூரியன் எழும்போது கடல் ஏறிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் சூரியனும் வற்றமும் ஒன்றாக வந்து சேரும். கடைசி நாள் 7.40க்குத்தான் வற்றும் என்பதால், விடியும் நேரத்தில் தண்ணீர் இன்னும் விலகிக்கொண்டிருக்கும். ஒரே பாறை ஒரு நாள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும், ஒரு நாள் பாசியோடு முழுசாக வெளியே இருக்கும், இன்னொரு நாள் சுற்றிலும் ஈர மணல் கண்ணாடி போல வானத்தைக் காட்டும். நீ ஆறு இடத்தில் தேடுகிற வேறுபாடு வேறென்ன?

நிலாவும் கூட வருகிறது. முதல் இரண்டு நாள் விடியலுக்குச் சற்று முன் தேய்பிறையின் மெல்லிய கீற்று கிழக்கே கடல்மேல் எழும். கடைசி நாள் மாலை மூன்றாம் பிறை மேற்கே ஆற்றின் பக்கம் இறங்கும். இடையில் இருட்டு ராத்திரி, நம் நட்சத்திரப் பைத்தியத்துக்கு. கடலும் ஆறும் ஒரே நடையில் கிடைக்கிற இடம் முகத்துவாரம்தான். நீ குறித்த தேதிகள் உன் அலுவலக விடுப்புக்குப் பொருந்துகின்றன, கடலுக்குப் பொருந்தவில்லை. ஒரு வாரம் தள்ளிப் போடு.

பௌர்ணமிதான் வேண்டும் என்று உன் தங்கை அடம் பிடிப்பாள். அது வேறு பயணமாக இருக்கட்டும். அப்படிப் போனாலும் பௌர்ணமிக்கு முதல் நாள் மாலைதான் சரி என்று சொல். நிலா அன்று சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்பே எழுந்துவிடும். படகும் மணலும் வெளிச்சத்தில் தெரியும்போதே நிலாவும் கிடைக்கும். பௌர்ணமியன்று நிலா மேலேறி வருவதற்குள் கீழே எல்லாம் கறுத்துவிடும்.

விடியலுக்குப் போவது என்றால் சூரியன் எழுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே அங்கே நிற்க வேண்டும். நல்ல நீலம் சூரியன் இன்னும் தொடுவானத்துக்குக் கீழே இருக்கும்போதுதான் வரும், வந்து சீக்கிரம் போய்விடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துக் கரை என்றால் இன்னும் சீக்கிரம். அங்கே சூரியன் சரிவாக இல்லாமல் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. போன தடவை என் கேமராவைக் குளிர்சாதன அறையில் வைத்துத் தூங்கிவிட்டு நேரே கடலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டதும் லென்ஸ் முழுக்கப் பனி மூட்டம். துடைக்கத் துடைக்கப் படிந்தது. அது தெளிவதற்குள் சூரியன் தென்னை உயரத்துக்கு வந்துவிட்டது. இந்த முறை யாரும் பையை அறைக்குள் வைக்கவேண்டாம், வராந்தாவில் மூடியபடியே இருக்கட்டும். திருட்டுப் பயம் இருந்தால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு குளிர்சாதனத்தை நிறுத்து.

ஏழு பேர் போவதில் யாரும் நினைத்துப் பார்க்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. கால்தடம். தண்ணீர் வற்றும்போது மணல் புதுசாக, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடக்கும். முதலில் போகிறவர் அதில் ஒரு நடை நடந்தால் போதும், மற்ற ஆறு பேருக்கும் அது சந்தைக்கடை. அதனால் எல்லோரும் மேட்டோரமாகவே நடந்து போய் ஆளுக்கொரு இடம் பிடித்து நின்றபின்தான் தண்ணீர்ப் பக்கம் இறங்க வேண்டும். யார் படத்துக்குள் யார் நிற்கிறார் என்ற சண்டையும் இதில் பாதி தீரும்.

முதல் இரண்டு நாள் தண்ணீர் ஏறுகிற நேரம் என்பதால் பாறைமேல் யாரும் போகக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாம் பாறை நுனியில் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் கால்வாய் மாதிரி தண்ணீர் புகுந்து வழியை அடைத்துவிடும். மற்ற நாட்களிலும் போனவுடன் இறங்காமல் பத்து நிமிடம் சும்மா நின்று பார்க்கவேண்டும். சின்ன அலைகளுக்கு நடுவே அவ்வப்போது ஒரு பெரிய கூட்டம் வரும், அது எது வரைக்கும் ஏறுகிறது என்று தெரிந்தபின் இறங்கலாம். கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு பை திறக்கிற பழக்கம் உனக்கு உண்டு, அதை விடு.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, உன்னிடம் என்னைவிட அதிகம் இருக்கிறது. முக்காலி மட்டும் கனமாக இருக்கட்டும். காலை நீட்டும்போது அடியில் இருக்கும் மெல்லிய துண்டை முழுசாக முதலில் இழு. பூட்டு மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே நிற்கும். நாம் வழக்கமாக மேல் துண்டை முதலில் இழுத்துவிட்டு, ராத்திரி பூட்டுக்குள் நறநறக்கிற மணலோடு போராடுவோம். ஈர மணலில் வைத்தவுடன் ஒரு அழுத்து அழுத்து. அலை திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், உள்ளங்காலில் குறுகுறுக்குமே, அதேதான் முக்காலிக்கும் நடக்கிறது. முப்பது விநாடிப் படத்தில் முக்காலி ஒரு நூல் இறங்கினாலும் படம் போச்சு. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடு, காற்றில் ஆடி கேமராவையும் ஆட்டும். திரும்பியதும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவு. லென்ஸில் உப்புச் சாரல் பட்டால் காய்ந்த துணியால் தேய்க்காதே, முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடு.

பத்து ஸ்டாப் கறுப்பு ஃபில்டர் வாங்கியிருப்பதாகப் பெருமையாக எழுதியிருந்தாய். ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காக்கிவிடும், முப்பதில் ஒரு விநாடிப் படம் அரை நிமிடத்துக்கு மேல் போய்விடும். நல்லதுதான். ஆனால் இப்படி நீளமாக எடுத்து எல்லா அலையையும் பஞ்சாக்காதே. அலை வந்து மோதித் திரும்பும்போது நுரை மணலில் நரம்பு நரம்பாக இழுபடும் பார், அதற்கு அரை விநாடி, ஒரு விநாடி போதும். அதில் கடலின் குணம் தெரியும். பஞ்சில் எந்தக் கடலும் ஒன்றுதான்.

வானம் வெளுத்து, கடல் கறுத்து வருகிற தொல்லைக்கு நீ ஒரு வழி கேட்டிருந்தாய். பிரான்சில் குஸ்தாவ் லெ க்ரே என்பவர் 1850களிலேயே இதற்கு வழி கண்டுபிடித்தார். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீலத்துக்கு மட்டும் அதிகமாக மயங்குபவை. கடல் சரியாக விழுவதற்குள் வானம் வெந்துவிடும். அவர் வானத்துக்கு ஒரு தகடு, கடலுக்கு ஒரு தகடு எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். ஒட்டு எங்கே இருக்கிறது தெரியுமா? தொடுவானக் கோட்டில். இயற்கையே கோடு போட்டு வைத்திருக்கும்போது ஒட்டை மறைக்க வேறு இடம் எதற்கு? நாமும் முக்காலியை அசைக்காமல் இரண்டு படம் எடுத்துச் சேர்க்கலாம். ஆனால் தொடுவானம் நேராக இருக்கட்டும் மாப்பிள்ளை, உன் கடல் எப்போதும் இடது பக்கமாக வழிந்து கொட்டுகிறது.

நடுப்பகலில் தூங்குவோம். தூக்கம் வராதவர்கள் படகுத்துறைக்கு நடந்துபோகலாம். கயிறு, துருப்பிடித்த சங்கிலி, உரிந்த வண்ணம் இதற்கெல்லாம் சுள்ளென்ற வெயிலும் ஒத்துவரும். வலை இழுப்பவர்களை எடுக்கவேண்டுமானால் முதலில் போய்ப் பேசட்டும். "இன்னொரு தடவை இழுங்கள்" என்று கேட்கிற ஆள் நம் குழுவில் இருக்கவேண்டாம். படம் அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பவேண்டும்.

ராத்திரி ஆளுக்கு மூன்று படம், அதற்குமேல் ஒன்றுகூடக் காட்டக் கூடாது. உன் தங்கை செல்பேசியில்தான் எடுப்பாள், அதற்காக அவளைக் கிண்டல் செய்யாதே. போன தடவை நாம் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவள்தான் அந்த நாயையும் அலையையும் பிடித்தாள்.

இன்னொரு செய்தி. இடது கண்ணையும் அடுத்த மாதம் செய்துவிடலாம் என்றார் மருத்துவர். பயணம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், சரி என்றார். அந்த நீலத்தை ஒரு தடவை இரண்டு கண்ணாலும் மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டும் என்று ஆசை, வேறொன்றுமில்லை.

தேதியை மாற்றி மற்றவர்களிடம் கேட்டுவிட்டு எழுது. வரும்போது என் பழைய முக்காலியை மறக்காமல் எடுத்து வா. அதன் ரப்பர் பாதம் ஒன்று என் மேசை அறையில்தான் இத்தனை வருடமாகக் கிடக்கிறது.

அன்புடன்,
உன் பழைய மைக்கூடு