ரேடியேட்டரில் ஊற்றும் ஸ்டாப் லீக் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் இன்ஜின் சூடாகிறது என்ற புகாருடன் எங்கள் சேலம் பணிமனைக்கு வரும் கார்கள் அதிகமாகிவிடும். அவற்றில் சிலவற்றின் ரேடியேட்டர் மூடியைத் திறந்ததுமே எங்களுக்குக் காரணம் புரிந்துவிடுகிறது. பச்சையோ சிவப்போ எந்த நிறமானாலும் தெளிவாக இருக்க வேண்டிய கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவம்) பழுப்பேறிக் கலங்கியிருக்கும். மூடியின் ரப்பர் வளையத்தில் பிசுபிசுப்பான கரிய படிவு ஒட்டியிருக்கும். ரிசர்வ் டேங்கின் அடியில் விரல் வைத்தால் மணல் போல் நெருடும். கசிவை அடைக்க ஸ்டாப் லீக் என்னும் குப்பி மருந்து ஊற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு இவையே அடையாளம். ஊற்றியதைச் சிலர் உடனே சொல்லிவிடுகிறார்கள், சிலர் சொல்லத் தயங்குகிறார்கள், பழைய காராக வாங்கியவர்களுக்கோ அது தெரிவதே இல்லை. இந்த மருந்தை ஊற்றலாமா என்று தொலைபேசியில் கேட்பவர்கள் பெருகிவிட்டதால், எங்கள் கருத்தைக் காரணங்களுடன் எழுத்தில் தெரிவிப்பது நல்லது என்று கருதுகிறோம்.

வழியில் நின்றுவிட்ட காரை வீடு வரையோ அடுத்த பணிமனை வரையோ கொண்டுசேர்க்க ஸ்டாப் லீக் உதவக்கூடும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அதையே பழுதுபார்ப்பாக எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவதை எந்த நிலையிலும் பரிந்துரைப்பதில்லை. கசிவு எங்கே என்று கண்டறியாமல் எங்கள் பணிமனையில் அதை ஊற்றுவதும் இல்லை.

இந்த மருந்து வேலை செய்யும் விதம் எளிமையானது. கூலன்ட்டில் மிதந்து சுற்றிவரும் நுண்ணிய துகள்களும் நார்களும், ஓட்டை இருக்கும் இடத்தில் வெளியேறும் நீரோடு சேர்ந்து இழுபட்டு, அதன் வாயில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. சிலவற்றில் இஞ்சி வேர்த்தூள், கொட்டை ஓட்டுத்தூள் போன்ற தாவரப் பொருள்கள் இருக்கும்; சிலவற்றில் அலுமினியத் தூள் இருக்கும். ஹெட் கேஸ்கெட்டுக்கு (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) என்று விற்கப்படுபவற்றில் பல சோடியம் சிலிகேட் கரைசலை அடிப்படையாகக் கொண்டவை. சூடேறும்போது அதிலுள்ள நீர் வெளியேறி, கண்ணாடியைப் போன்ற கெட்டியான படிவு உண்டாகிறது. இப்படிப்பட்ட சில தயாரிப்புகளை, பழைய கூலன்ட்டை முழுவதும் வடித்து வெறும் தண்ணீர் நிரப்பிய பின்னரே ஊற்ற வேண்டும் என்று குப்பியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் கூலன்ட்டோடு சேர்த்து ஊற்றினால் இரண்டும் திரண்டு கூழாகிவிடும்.

நம் லாரி ஓட்டுநர்கள் அவசரத்துக்கு ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டுக் கசிவை நிறுத்துவதும் இதே வழியில்தான். 1958 ஆம் ஆண்டில் அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸில் நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கன்டென்சர் கசிந்தபோது, சியாட்டில் நகரக் கடைகளில் கார்களுக்கான ஸ்டாப் லீக்கை நூற்றுக்கும் மேற்பட்ட குப்பிகளாக வாங்கிவந்து ஊற்றிக் கசிவை அடைத்தார்கள்; அதன் பிறகே அந்தக் கப்பல் வட துருவத்தின் பனிப்பரப்புக்கு அடியில் கடந்து சென்றது. ஆகவே இது வெறும் ஏமாற்று மருந்து என்று சொல்வது நியாயமாகாது. எந்த ஓட்டைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பல கார்களின் ரேடியேட்டர் மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜின் சூடான நிலையில் உள்ளே நிலவும் அழுத்தத்தை அந்த மூடி ஏறக்குறைய 1 பார் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு) அளவில் தாங்கிப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ரேடியேட்டரின் அலுமினியக் குழாயில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை விழுந்திருந்தால், இந்த அழுத்தத்தை எதிர்த்து மருந்து சில காலம் நிற்கக்கூடும். ஆனால் எங்களிடம் வரும் கார்களில் கசிவு அப்படிப்பட்ட துளையில் மட்டும் இருப்பதில்லை. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க்கும் குழாய்கள் அடுக்கிய அலுமினியக் கோரும் மடிப்பால் இணைக்கப்பட்ட விளிம்பு, காய்ந்து வெடித்த ஹோஸ், பிடி தளர்ந்த கிளாம்ப், சூட்டில் நொறுங்கிப்போன தெர்மோஸ்டாட் ஹவுசிங், வாட்டர் பம்ப்பின் தண்டிலுள்ள சீல் ஆகியவையே பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன. அசைந்துகொண்டோ விரிந்து சுருங்கிக்கொண்டோ இருக்கும் இடங்களில் துகள்கள் நிலைத்து நிற்பதில்லை. வாட்டர் பம்ப் சீல் இரண்டு வழவழப்பான முகங்கள் உரசிச் சுழலும் இடமாகையால், அங்கே துகள் புகுந்தால் தேய்மானம் அதிகரிக்குமே தவிர, கசிவு தீராது. கிளாம்ப்பைத் திருகினால் தீரும் கசிவுக்கு மருந்து ஊற்றிவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஹெட் கேஸ்கெட் பழுது இவற்றிலும் கடுமையானது. கூலன்ட் பக்கத்தில் அழுத்தம் 1 பார் என்றால், எரிபொருள் எரியும் கணத்தில் பெட்ரோல் இன்ஜினின் சிலிண்டருக்குள் அது பல பத்துப் பார் ஆகவும், இன்றைய டீசல் இன்ஜின்களில் 100 பாரைத் தாண்டியும் இருக்கும். அந்த அழுத்தத்துக்கு முன்னால் குப்பியிலிருந்து வந்த படிவு நெடுநாள் நிற்கும் என்று எதிர்பார்க்க இயலாது. அது நின்றிருக்கும் சில வாரங்களில் கார் மீண்டும் ஒருமுறை சூடேறினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். கேஸ்கெட் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை வளைந்த ஹெட்டின் பரப்பைச் சமன்செய்யும் ஹெட் ஃபேஸிங் வரை போய்விடும்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். தரையில் ஒரு சொட்டுக்கூட விழாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், இன்ஜினுக்குத் திருப்பி அனுப்பப்படும் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலருக்குள் கசிந்து புகையோடு வெளியேறிக்கொண்டிருக்கலாம். அதற்கும் ஸ்டாப் லீக் தீர்வாகாது.

ஓட்டையை அடைக்கும் துகளுக்கு ஓட்டைக்கும் குறுகலான பாதைக்கும் வேறுபாடு தெரியாது. ரேடியேட்டரின் தட்டையான குழாய்களின் உள் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டுமே. பழைய ரேடியேட்டர் ஒன்றின் பிளாஸ்டிக் டேங்க்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், நடுவில் உள்ள குழாய்கள் திறந்திருக்க, ஓரங்களில் நீரோட்டம் மெதுவாக இருக்கும் குழாய்களின் வாயில் பழுப்பு நிறப் பசை காய்ந்து மூடியிருப்பதைக் காணலாம். விரும்புகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அப்படிப்பட்ட ஒன்றைப் பணிமனையில் எடுத்துவைத்திருக்கிறோம். நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றியதால் ஏற்கெனவே உப்புப் படிந்திருக்கும் ரேடியேட்டரில் இந்த அடைப்பு இன்னும் விரைவாக ஏற்படும். சமதளத்தில் காலியாக ஓடும்போது அது தெரியாமல் இருக்கலாம். ஐந்து பேருடன் ஏ.சி. போட்டுக்கொண்டு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ இரண்டாம் கியரில் ஏறும்போது, குறைந்துபோன அந்தக் குளிர்விக்கும் திறன் வெப்பநிலை முள்ளில் தெரிந்துவிடும்.

அளவு மீறுவதும் பரவலாக நடக்கிறது. ஒரு சிறிய ஹேட்ச்பேக் காரின் குளிர்விப்பு அமைப்பு முழுவதற்கும் ஏறக்குறைய 4 லிட்டர் கூலன்ட் போதும். ஆனால் கடையில் கிடைக்கும் குப்பிகள் பல 10 லிட்டர் வரைக்கும் கணக்கிட்டுத் தயாரிக்கப்பட்டவை. முழுக் குப்பியையும் ஊற்றினால் இரண்டு மடங்குக்கும் மேல் மருந்து உள்ளே போய்விடுகிறது. மேலும், வழிந்த நீரைத் தேக்கிவைப்பதற்கு மட்டுமான சாதாரண ரிசர்வ் டேங்க்கில் ஊற்றப்படும் மருந்து சுற்றோட்டத்தில் கலக்காமல் அங்கேயே சேறாகப் படிந்து, நாளடைவில் சிறு குழாயை அடைத்துவிடும்.

காருக்குள் இனிப்பு கலந்த வாடை வருவதும், முன் கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய்ப் பசை போல் மூட்டம் படிவதும், முன் இருக்கையின் கால்மிதிக்கு அடியில் ஈரமாக இருப்பதும் ஹீட்டர் கோர் (டாஷ்போர்டுக்குள் சூடான கூலன்ட் ஓடும் சிறிய ரேடியேட்டர்) கசிவதைக் காட்டுகின்றன. அதை மாற்ற டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், குப்பியைத் தேடும் ஆசை இங்கேதான் அதிகம் எழும். இதற்கு நாங்கள் சொல்லும் மாற்று வழி, பெரும்பாலான கார்களில் ஹீட்டருக்குப் போய்வரும் இரண்டு ஹோஸ்களையும் இணைத்து, ஹீட்டரைச் சுற்றோட்டத்திலிருந்து விலக்கிவிடுவதாகும். சேலத்தில் ஹீட்டர் இல்லாமல் எவரும் சிரமப்படப் போவதில்லை. மார்கழிக் காலையில் ஏற்காட்டில் கண்ணாடி மூட்டத்தைப் போக்க மட்டுமே அது தேவைப்படும். செலவும் குறைவு, மற்ற பாகங்களும் சுத்தமாக இருக்கும்.

கசிவைக் கண்டறிவது நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய வேலையன்று. இன்ஜின் குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் வாயில் கைப் பம்ப்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தத்துக்கு ஏற்றி, முள் இறங்குகிறதா என்று கால் மணி நேரம் பார்ப்போம். இறங்கினால் சொட்டும் இடத்தைத் தேடுவோம். கண்ணுக்குப் புலப்படாவிட்டால் கூலன்ட்டில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்ப்போம். ஹெட் கேஸ்கெட்டில் ஐயம் இருந்தால், ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியே இழுப்போம். சிலிண்டரில் எரிந்த புகை கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாறும். மூடியையும் தனியே சோதிப்போம், ஏனெனில் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருப்பதையே ரேடியேட்டர் கசிவு என்று நினைத்துவிடுவது உண்டு.

இரவில் தொப்பூர் கணவாயில் ஏறிக்கொண்டிருக்கும்போது கார் சூடேறிவிட்டது, அருகில் பணிமனை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். குறைந்தது அரை மணி நேரம் ஆறிய பிறகு, மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, சூடு தணிந்திருந்தால் மட்டும், தடித்த துணியால் மூடியைப் பிடித்து மெதுவாகத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் கொதிநீர் முகத்தில் பீறிடும். குடிதண்ணீர் பாட்டில் இருந்தால் அதையே ஊற்றி நிரப்பலாம். கசிவு சிறியதாக இருந்தால் தண்ணீரை மட்டும் நிரப்பிக்கொண்டு, இடையிடையே நிறுத்திப் பார்த்தபடி வந்துவிட முடியும். அதற்கும் வழியில்லாமல், கையில் குப்பியும் இருந்தால், உங்கள் காரின் கொள்ளளவுக்கு ஏற்ற பங்கை மட்டும் ஊற்றுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறைசொல்ல மாட்டோம். நீர் மிகவும் குறைந்துவிட்டால் சென்சார் நீரில் மூழ்காமல் போய், வெப்பநிலை முள் சரியான அளவைக் காட்டாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முள் நடுவில் நிற்கிறது என்று நம்பி ஓட்டியதாலேயே இன்ஜின் இறுகி நின்றுபோன கார்கள் உண்டு.

அப்படி ஊற்றி வந்தவர்கள் அடுத்த சில நாட்களுக்குள் காரைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். படிவு கெட்டிப்படுவதற்கு முன் முழு அமைப்பையும் கழுவி, கசியும் பாகத்தை மாற்றி, உங்கள் காருக்கு உரிய வகைக் கூலன்ட்டைக் கனிமம் நீக்கிய தண்ணீருடன் நிரப்பித் தருவோம். பழைய கூலன்ட்டை வீட்டு வாசலிலோ சாக்கடையிலோ வடித்துவிடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதன் இனிப்புச் சுவைக்காகத் தெருநாய்களும் பூனைகளும் நக்கிவிடும். வேலைக்குக் காரை விடும்போது, என்ன ஊற்றினீர்கள், எப்போது, எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுங்கள். சிலிகேட் வகையைக் கழுவும் முறையும் தூள் வகையைக் கழுவும் முறையும் வேறு வேறு என்பதால், காலிக் குப்பியைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுவந்தால் எங்களுக்கு மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பணிமனை நிர்வாகத்தினரும் மெக்கானிக்குகளும்,
சேலம்.