மண்டபம் பார்க்க முதல் விசாவைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

மகளுக்கு லண்டன் மாப்பிள்ளை சரிவந்ததும் நாங்கள் முதலில் ஓடியது மண்டபம் பார்க்கத்தான், அவருடைய சம்பளத்தை ஒருவரும் கேட்கவில்லை (கேட்டால் மரியாதையில்லையாம்!). 2024 ஏப்ரல் 11 முதல், பிரித்தானியத் துணைவர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்தால் பொதுவாக ஆண்டு வருமானம் 29,000 ஸ்டெர்லிங் பவுண் காட்ட வேண்டும், முன்பு 18,600தான். அதோடு ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை, தமிழ்ச் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேறு. நாங்கள் பிடித்த முகவரோ, விசிட் விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று காசு வாங்கினார். அப்படி மாற்ற விதியே இல்லை. சரி, காசு போகட்டும், பிள்ளை தாலியோடு இங்கேயே இருக்கிறாள்.

உங்கள் மணமகன் தேவை விளம்பரப் பக்கத்தின் ஓரத்திலாவது இந்த விதிகளைப் போட்டால் என்ன?

ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 06