மரத்தில் தொங்கும் நண்பனுக்கு

வால்பாறை,
பிப்ரவரி மாதம், ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் பெரிய நிம்மதி. இங்கே வெடிப்பலா பூக்கத் தொடங்கிவிட்டது. விடிந்தால் சோலைமந்திகள் உச்சியில் உட்கார்ந்து பூவைப் பிய்த்துத் தின்கின்றன. எங்கள் வேலையும் அந்த உச்சியில்தான், தினமும் கயிற்றில் ஏறி இறங்குகிறோம்.

2018இல் கஜா புயல் உன் தென்னந்தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனபோது நீ உட்கார்ந்துவிடுவாய் என்று பயந்தேன். இப்போது பெரிய மரங்களுக்குக் கிளை கழிக்கும் வேலையில் இறங்கியிருக்கிறாய் என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். ஆனால் நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது. தூங்குமூஞ்சி மரத்தில் தொங்குகிறாய், முகத்தில் சிரிப்பு. கிளையைச் சுற்றிவந்த கயிற்றைக் கிளையின் மேலேயே காராபினரால், அதாவது திறந்து மூடும் வாய் வைத்த அந்த உலோகக் கொக்கி வளையத்தால், பூட்டியிருக்கிறாய். அதன் வாய் மரப்பட்டையோடு அழுந்தி நிற்கிறது. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

உன் காராபினரின் முதுகில், வாய்க்கு எதிர்ப்பக்கம், பொறித்திருப்பதைப் படித்துப் பார். நல்லதில் மூன்று எண்கள் இருக்கும். 22, 8, 7 என்பதுபோல, கிலோநியூட்டனில். ஒரு கிலோநியூட்டன் கிட்டத்தட்ட நூறு கிலோ எடையின் இழுவை. முதல் எண், வாய் பூட்டியிருந்து இழுவை நெடுக்காக, முதுகுப் பக்கம் விழும்போது அது தாங்குவது. மற்ற இரண்டும் குறுக்கே இழுபடும்போதும், வாய் திறந்திருக்கும்போதும். பலம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது, பார்த்தாயா? எழுநூறு கிலோ தாங்கினால் எனக்குப் போதாதா என்று கேட்பாய். கயிறு தொய்ந்திருக்கும்போது நீ ஒரு மீட்டர் வழுக்கினால் விழும் உதறல் உன் எடையைப்போலப் பல மடங்கு. மரம் ஏறும் கயிறு அதிகம் நீளாது, அதிர்ச்சியை உள்வாங்காது. அதைவிட முக்கியம், வாய் திறந்துவிட்டால் உடையவே வேண்டியதில்லை, கயிறு தானாக வெளியே வந்துவிடும்.

பாறையில் ஏறுகிறவனைவிட நமக்கு இதில் தொல்லை அதிகம். மரத்தில் காராபினர் வைத்த இடத்தில் நிற்பதில்லை. நீ திரும்பினால் அதுவும் திரும்புகிறது. ஒரு சின்னக் கிளை முண்டு போதும் வாயை உள்ளே தள்ள. கிளை வளைவின்மேல் அது படுத்திருந்தால் உன் எடை அதை வளைக்கப் பார்க்கும். அந்த மூன்று எண்களில் எதுவும் அப்படி வளைத்துச் சோதித்ததல்ல.

எனக்கு நடந்ததை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. மூன்று வருடம் முன்பு, தரையிலிருந்து முப்பது மீட்டர் உயரத்தில். இடுப்பிலிருந்து கிளையைச் சுற்றிப் போடும் இடுப்புக் கயிற்றில் மரை வைத்த காராபினர், அதாவது வாய்மேல் ஒரு வளையத்தைக் கையால் திருகிப் பூட்டும் வகை, போட்டிருந்தேன், நன்றாகத் திருகித்தான் ஏறினேன். பக்கத்தில் ஓடிய கயிறு அரைமணி நேரமாக அந்த மரை வளையத்தில் உரசி உரசி அதைக் கழற்றியிருக்கிறது. இன்னொரு கிளைக்குச் சாய்ந்தேன், வாய் முண்டில் பட்டுத் திறந்தது, இடுப்புக் கயிறு போய்விட்டது. ஏறிய கயிறு தனியாக இருந்ததால் ஒரு ஆட்டத்தோடு நின்றேன். அன்று இறங்கி வந்து வெகுநேரம் வேரில் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் மரை வகையை மரத்துக்கு எடுத்துப் போவதில்லை. தானாக மூடி, தானாகப் பூட்டிக்கொள்வதுதான். வளையத்தை மேலே தூக்கி, திருப்பி, பிறகு வாயை அமுக்கினால்தான் திறக்கும். அமெரிக்காவில் மர வேலைக்கான பாதுகாப்பு விதியே, பூட்டைத் திறக்கக் குறைந்தது இரண்டு தனித்தனி அசைவுகள் வேண்டும் என்கிறது. ஆனால் அதையும் நம்பி விட்டுவிடாதே. மாட்டியதும், ஒவ்வொரு முறை இடம் மாறியதும், வளையத்தைத் தொடாமல் வாயை மட்டும் அமுக்கிப் பார். கண்ணைவிட விரல் நம்பகமானது. உங்கள் ஊர்ப் பக்கம் பழைய பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரை ஒருதரம் இழுத்துப் பார்க்காமல் மரத்தில் கால் வைப்பார்களா?

கிளைமேல் பூட்டுவதற்கு மாற்று சுலபம். இடுப்புக் கயிறு கிளையைச் சுற்றிவந்து இரண்டு நுனியும் ஹார்னஸின், அதாவது இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டையின், வளையங்களிலேயே முடியட்டும். இரும்பு உன் இடுப்பருகே தொங்கும், கிளையில் கயிறு மட்டும் கிடக்கும். காராபினரில் காராபினர் கோத்து நீளம் கூட்டாதே, முறுகினால் ஒன்றின் உடம்பு மற்றதன் வாயை நெம்பிவிடும். ரம்பம் கையில் இருக்கும்போது இரண்டு கட்டு இருக்கட்டும். ஒன்றை நீயே அறுத்துவிடலாம் இல்லையா? வெட்டிய கிளையை இறக்கும் காராபினரை உன் உயிருக்கு மாட்டாதே, அதற்கு எஃகு ஒன்றைத் தனியாக வை.

அப்புறம் பிசின். உன் வேலையில் மரத்தூளும் பாலும் சேர்ந்து வாயின் ஸ்பிரிங் சுருளை அடைத்துவிடும். எப்படி விட்டாலும் வாய் தானாக முழுதாக மூட வேண்டும். பாதியில் நின்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவை, கொஞ்சம் கிராஃபைட் தூள் போடு. எஞ்சின் ஆயில் போட்டால் தூள் இன்னும் ஒட்டும். கயிறு ஓடி ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தால், வாய் கோணினால், மனசு வராவிட்டாலும் ஒதுக்கிவிடு.

கீழே நிற்கும் பையனுக்கும் ஏறக் கற்றுக்கொடு. நீ மயங்கினால் ஹார்னஸில் அசையாமல் தொங்குவதே ஆபத்து, கால்களில் ரத்தம் தேங்கிவிடும். ஏணிக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க நேரமிருக்காது.

பார்சலில் மூன்று காராபினர் அனுப்பியிருக்கிறேன், தானாகப் பூட்டுபவை. பணத்தைப் பற்றி எழுதாதே. உன்னிடம் இருப்பதில் எண் எதுவும் பொறிக்காதவற்றைத் தண்ணீர்க் கேன் தூக்க வைத்துக்கொள். புதிதாகக் கட்டியதும், ஏறுவதற்கு முன், தரையிலேயே நின்று இடுப்பருகே ஒரு படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துப் பதில் சொல்லும்வரை அந்தத் தூங்குமூஞ்சி மரம் காத்திருக்கட்டும்.

உன்,
ஹாஸ்டல் அறைத் தோழன்